மருத்துவர் பதில்: கடிதத்தின் கடைசியில் இருந்த நான்கு வரிகள்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 74. ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கும்பகோணத்துக்கு அருகில் சொந்த ஊரில் மனைவியோடு வசிக்கிறேன். மகன் பெங்களூரில் இருக்கிறான். 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும் 12 ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்கிறேன். மாரடைப்போ பக்கவாதமோ இதுவரை வந்ததில்லை. காலையில் செய்தித்தாளைப் பிரித்தாலும் மாலையில் கைப்பேசியைத் திறந்தாலும் மருந்தைப் பற்றிய ஒரு சர்ச்சையாவது கண்ணில் படாத நாள் இல்லை. 2021-இல் நாங்கள் இருவரும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசி இரத்தத்தை உறையச் செய்யும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதாகப் படித்தேன். அன்று முதல் வேறு எந்தத் தடுப்பூசியும் வேண்டாம் என்று இருக்கிறேன். எங்கள் தெருவில் ஓர் இளைஞன் திடீரென இறந்துபோனான்; இப்படி இளைஞர்கள் இறப்பதற்கும் தடுப்பூசிதான் காரணமா? கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வெறும் வியாபாரம் என்று ஒரு காணொளியில் கேட்டு இரண்டு மாதமாக அதை நிறுத்திவிட்டேன். ஆஸ்பிரின் முதியோருக்கு வேண்டாம் என்கிறார்கள், நிறுத்தலாமா? முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவு, ஆனால் மகன் பழைய கம்பெனி மருந்தையே வாங்கச் சொல்கிறான். இரவு உணவைத் தவிர்ப்பது நல்லது என்பதால் ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொள்கிறேன்; மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.4-க்கு இறங்கிவிட்டது. உப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். எண்ணெயிலும் செக்கு எண்ணெயா, வேறா என்ற சர்ச்சை இருக்கிறது. இவற்றில் எதை நம்புவது, எதை விடுவது? மாத்திரைகளின் பட்டியலை இணைத்துள்ளேன்.

பின்குறிப்பு: இது பெரிய செய்தி அன்று. சென்ற மாதம் இரண்டு முறை விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டேன். இரண்டாம் முறை தலை சுவரில் இலேசாக இடித்தது. வயதானால் வருவதுதானே.

பதில்: மதிப்புக்குரிய ஐயா, தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தாங்கள் கேட்ட ஒவ்வொரு சர்ச்சையைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஆயினும் என்னை உறங்கவிடாமல் செய்தவை, பெரிய செய்தி அன்று என்று தாங்களே ஒதுக்கிவைத்த அந்தக் கடைசி நான்கு வரிகள்தாம். அவற்றில் அவசரமானவற்றை ஆசிரியர் குழுவினர் வழியாகத் தொலைபேசியில் தங்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டோம். இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதே நிலையில் இருக்கும் வேறு பலரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதே.

வயதானால் விழுவது இயல்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் பேராசிரியர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித் துறையாக வேர்விட்டது அங்கேதான். அந்தத் துறை எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், ஒரு முதியவரின் எந்தத் தொல்லைக்கும் வயதைக் காரணமாக எழுதிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது என்பது. வயது காரணமென்றால் தினந்தோறும் விழுந்திருப்பீர்கள். சென்ற மாதம் மட்டும், அதுவும் விடியற்காலையில் மட்டும், இரண்டு முறை விழுந்திருக்கிறீர்கள் என்றால் சென்ற மாதத்துக்குச் சற்று முன்பு தங்கள் வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். அது என்ன என்று தேடிக்கொண்டே தாங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இரண்டு இடங்களில் என் கண் நின்றது.

முதல் இடம், பட்டியலின் இரண்டாவது வரியும் ஏழாவது வரியும். இரண்டாவது வரியில் இரத்த அழுத்தத்துக்கான தங்கள் பழைய கம்பெனி மாத்திரை இருக்கிறது. ஏழாவது வரியில், மூன்று மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்து முதல்வர் மருந்தகத்தில் வாங்கிய மாத்திரை இருக்கிறது. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, விலையும் வேறு. ஆனால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சிறிய எழுத்தில் தாங்களே கவனமாக எடுத்து எழுதியிருக்கிறீர்கள். பழையதில் டெல்மிசார்டான் 40 மில்லிகிராம். புதியதில் டெல்மிசார்டான் 40 மில்லிகிராமும் அம்லோடிபின் 5 மில்லிகிராமும். பழையதற்குப் பதிலாக உண்ண வேண்டும் என்று எழுதப்பட்டதைப் பழையதோடு சேர்த்து உண்டுவந்திருக்கிறீர்கள். மகன் சொன்னதையும் தட்ட வேண்டாம், மருத்துவர் சொன்னதையும் தட்ட வேண்டாம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் விளைவு, ஒரே மருந்து இரட்டை அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மேல், புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக இரவில் உண்ணும் டாம்சுலோசின் மாத்திரையும் இருக்கிறது. சிறுநீர்ப்பாதையின் தசையைத் தளர்த்தும் அந்த மருந்து இரத்தக் குழாய்களின் தசையையும் சற்றே தளர்த்தும். படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் இரத்தம் கால்களுக்கு இறங்கும். இளமையில் அந்தக் குழாய்கள் நொடியில் சுருங்கி இரத்தத்தை மூளைக்கு ஏற்றிவிடும், முதுமையில் அது மெதுவாக நடக்கும், இவ்வளவு மருந்துகள் சேர்ந்து தளர்த்தினால் இன்னும் மெதுவாக நடக்கும். இந்த இடைவெளியில்தான் கண் இருட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு முறை இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மீண்டும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் காரணம் ஏறக்குறையப் பிடிபட்டுவிட்டது. வருத்தத்தோடு சொல்கிறேன், நெரிசல் மிகுந்த நம் புறநோயாளிப் பிரிவுகளில் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம், நானும் அப்படிச் செய்த நாட்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது 130 காட்டும் கருவி, நின்றால் 100 காட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. தங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெரும் பலனே, அளவு பார்க்கும் கை வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதுதான். அடுத்த முறை அவர் வரும்போது படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மனைவியோ அவரோ அருகில் இருக்கட்டும்.

இரண்டாவது இடம், சர்க்கரை நோய்க்காக உண்ணும், கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை. அதை இரவு உணவுக்கு முன் உண்கிறீர்கள். ஆனால் இரவு உணவையே நிறுத்திவிட்டீர்கள். மெட்ஃபார்மின் தனியாகப் பெரும்பாலும் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்காது. கிளிமிபிரைடு அப்படிப்பட்டதன்று. தாங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஒரு டம்ளர் மோரில் இருக்கும் மாவுச்சத்து விடியற்காலை வரை எப்படித் தாங்கும்? இரவில் வியர்த்து விழிப்பதும், கெட்ட கனவுகளும், விடியலில் தலைவலியும், கை நடுக்கமும் சர்க்கரை தாழ்ந்ததற்கான அறிகுறிகள். முதியோரில் இந்த அறிகுறிகள் மங்கிப்போய், தடுமாற்றமும் குழப்பமும் மட்டுமே தெரிவதும் உண்டு. அதைப் பார்ப்பவர்கள் மறதி நோயோ என்று எண்ணிவிடுவார்கள்.

மூன்று மாதச் சராசரி 6.4 என்று பெருமையோடு எழுதியிருந்தீர்கள். நாற்பது வயதுக்காரர் அதைக் காட்டியிருந்தால் நானும் பாராட்டியிருப்பேன். 74 வயதில், கிளிமிபிரைடு உண்டுகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த எண் வந்தால் எங்களுக்குக் கவலைதான் வரும், ஏனென்றால் சராசரி அவ்வளவு தாழ வேண்டுமானால் நாளின் சில மணி நேரமாவது சர்க்கரை மிகத் தாழ்ந்திருக்கக்கூடும். நலமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5 வரை, பல நோய்களோடு தளர்ந்திருப்பவருக்கு 8 வரை என்று இலக்கைத் தளர்த்திக்கொள்வதே இன்றைய வழக்கம். அடுத்த முறை விடியலில் கண் இருட்டுவது போலத் தோன்றினால் அப்படியே உட்கார்ந்துகொண்டு, மனைவியை அழைத்து, குளுக்கோமீட்டரில் ஒரு துளி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். இதைத் தங்கள் மனைவியும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

இரவு உணவைத் தவிர்ப்பது குறித்த சர்ச்சைக்கு இதிலேயே என் பதில் இருக்கிறது. உடல் பருத்த, மாத்திரை எதுவும் உண்ணாத ஒரு நடுவயதுக்காரருக்கு அது பலன் தரலாம். அதைப் பரப்பும் காணொளிகளில் வருபவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் முதியவர், மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றாமல் பட்டினி கிடக்கவே கூடாது. இன்று இரவு முதல் எளிதான உணவாக மூன்று இட்லியாவது சாப்பிடுங்கள். ஏதோ காரணத்தால் சாப்பிட முடியாத இரவில் அந்தக் கலவை மாத்திரையையும் உண்ணாதீர்கள்.

தலையில் இலேசாக இடித்தது என்று எழுதியிருந்தீர்கள். இங்கேதான் தங்களுடைய ஆஸ்பிரின் கேள்வி வந்து சேர்கிறது. முதுமையில் மூளை சற்றே சுருங்கி, மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். சிறிய இடி பட்டாலும் அவை கசியக்கூடும். ஆஸ்பிரின் உண்பவருக்குக் கசிவு நிற்க நேரமாகும். அந்தக் கசிவு இடித்த அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலியாகவோ, பகலெல்லாம் தூக்கமாகவோ, ஒரு பக்கக் கால் இழுப்பதாகவோ, பேச்சு குழறுவதாகவோ வெளிப்படும். எனவே தலையில் வெளிக்காயம் இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வசதியான வேறு மருத்துவமனைக்கோ சென்று, விழுந்ததையும் ஆஸ்பிரின் உண்பதையும் சேர்த்துச் சொல்லி, தலைக்குச் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

ஆஸ்பிரின் சர்ச்சையைப் பொறுத்தவரை, தாங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராத, பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு நாளும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டு முடிவில், ஊனமின்றி வாழும் காலம் ஆஸ்பிரினால் கூடவில்லை. பெரிய இரத்தக்கசிவு மட்டும் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறு என்றிருந்தது எட்டுக்கு மேல் போயிற்று. அதே ஆண்டு, சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் சற்றே குறைந்தன, ஆனால் இரத்தக்கசிவு கூடி அந்தப் பலனைப் பெரும்பாலும் கரைத்துவிட்டது. முன்னெச்சரிக்கைக்காக மட்டும் 60 வயதுக்கு மேல் ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. தங்களுக்கு 12 ஆண்டுகளுக்கு முன் அதை எழுதிய மருத்துவர் தவறு செய்யவில்லை. அன்றைய வழக்கம் அதுவே. இன்று, தாங்கள் இரண்டு முறை விழுந்த பிறகு, அதைத் தொடர்வதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. இதயத்தைப் பற்றிய தங்கள் முழு விவரமும் கையில் வைத்திருக்கும் மருத்துவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பு மாரடைப்போ மூளையில் இரத்த அடைப்போ வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு மேலே சொன்ன ஆய்வுகள் பொருந்தா. அவர்கள் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து உயிருக்கே ஆபத்து வரலாம். ஒரே மாத்திரை, ஒரே வயது, ஒருவருக்கு வேண்டாதது மற்றவருக்கு இன்றியமையாதது. இந்த வேறுபாடு அரை நிமிடக் காணொளியில் விழுந்துபோவதால்தான் சர்ச்சைகள் வீட்டுக்குள் வந்து தீங்கு செய்கின்றன.

கொழுப்பு மாத்திரைக்கு வருகிறேன். தாங்கள் நிறுத்திய அட்டோர்வாஸ்டாடின், ஸ்டாடின் வகையைச் சேர்ந்தது. அதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் இரண்டு செய்திகள் உண்மை: சிலருக்குத் தசை வலி வரும், சர்க்கரை மிகச் சிறிதளவு ஏறும். ஆனால் தசை வலி குறித்து 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று என் எண்ணத்தையே மாற்றியது. ஸ்டாடினால் தொல்லை என்று நிறுத்திய 60 பேர் அதில் பங்கேற்றனர். நான்கு மாதம் ஸ்டாடின், நான்கு மாதம் மருந்தில்லா மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை என்று கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எந்த மாதத்தில் இருப்பது ஸ்டாடின், எதில் இருப்பது வெறும் மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாடின் மாதங்களில் பட்ட தொல்லையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. அவர்களுக்கு வலி இருந்தது உண்மை, யாரும் பொய் சொல்லவில்லை. அதற்குக் காரணம் மருந்துதான் என்ற முடிவே பெரும்பாலும் தவறாக இருந்தது. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப் பேர் ஸ்டாடினுக்குத் திரும்பினார்கள்.

தங்கள் கடிதத்தில் தசை வலி எதையும் தாங்கள் குறிப்பிடவில்லை. காணொளியைக் கேட்டு நிறுத்தியதாகவே எழுதியிருக்கிறீர்கள். 18 ஆண்டுச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் தங்கள் பட்டியலிலேயே மிக உறுதியான சான்று உள்ள மருந்துகளில் ஒன்று அது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டாடினைப் புதிதாகத் தொடங்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. ஏற்கெனவே உண்டு தாங்கிக்கொண்டவர் தொடர்வதில் அவ்வளவு வேறுபாடு இல்லை. தாங்கள் ஐயப்பட்ட இரண்டில், விடாமல் வைத்துக்கொண்டது ஆஸ்பிரின்; விட்டது ஸ்டாடின். நான் தங்கள் மருத்துவராக இருந்திருந்தால் இதைத் தலைகீழாக மாற்றியிருப்பேன்.

தடுப்பூசியைப் பற்றிய அச்சம் தங்களை வாட்டியிருப்பதைக் கடிதத்தின் நடையிலேயே உணர முடிந்தது. 2024-இல் செய்தியான விவரம் இதுதான்: அஸ்ட்ராஜெனகா நிறுவனம், தன் தடுப்பூசி (இந்தியாவில் அதன் பெயர்தான் கோவிஷீல்டு) மிக அரிதாக இரத்த உறைவோடு தட்டணுக்கள் குறையும் ஒரு நிலையை உண்டாக்கக்கூடும் என்று பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. மருத்துவ உலகம் அதை 2021-இலேயே அறிந்திருந்தது. பல நாடுகள் இளையோருக்கு அந்தத் தடுப்பூசியை நிறுத்தியதும் அதனால்தான். தங்களுக்கு வேண்டிய செய்தி அதன் காலக் கணக்கில் இருக்கிறது. அந்த நிலை தடுப்பூசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள், பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிறகு, முதியோரைவிட இளையோருக்கே கூடுதலாக வந்தது. 2021-இல் போட்டுக்கொண்ட தங்களுக்கு அந்த ஆறு வாரம் கழிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இரத்த உறைவைக் கண்டறிவதாகச் சொல்லி விற்கப்படும் பரிசோதனைத் தொகுப்புகளுக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம்.

இளைஞர்கள் திடீரென இறப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதுக்குள் காரணமின்றித் திடீரென இறந்த 729 பேரையும் அவர்களைப் போன்ற 2,916 பேரையும் ஒப்பிட்டு 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அந்த இறப்பைக் கூட்டவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் திடீர் இறப்பு நேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, கடுமையான உடலுழைப்பில் ஈடுபட்டது ஆகியவையே அதனோடு தொடர்புற்றிருந்தன. தங்கள் தெருவில் போன அந்தப் பிள்ளையின் இறப்புக்குக் காரணம் எது என்று என்னால் சொல்ல முடியாது. அவன் பெற்றோரின் துயரத்தை ஆய்வுக் கணக்கு ஆற்றாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் துயரத்தை முன்னிட்டுத் தாங்கள் நிமோனியா தடுப்பூசியையும், ஆண்டுதோறும் போட வேண்டிய ஃபுளூ தடுப்பூசியையும் மறுத்துவருவது சரியன்று. சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு ஃபுளூ காய்ச்சல் நான்கு நாளில் நிமோனியாவாக மாறுவதை மழைக்காலம் தவறாமல் பார்க்கிறேன்.

மருந்துக் கடைச் சர்ச்சைக்கு இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் பிராண்டு பெயரோடு விற்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவையும் காப்புரிமை முடிந்த பொது மருந்துகளே. கம்பெனி பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மருத்துவர்கள் பொதுப் பெயரிலேயே மருந்தெழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் விதி கொண்டுவந்ததும், தரத்தை உறுதிசெய்யாமல் அது எப்படி என்று மருத்துவர்கள் எதிர்த்ததால் அதே மாதத்தில் அதை நிறுத்திவைத்ததும் தங்களுக்கு நினைவிருக்கலாம். தங்கள் மகனின் ஐயம் அடிப்படையற்றது அன்று. ஆனால் தரக் குறைவு விலையைப் பார்த்து வருவதில்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரமற்ற தொகுதிகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2024 ஆகஸ்டு மாதப் பட்டியலில் புகழ்பெற்ற பிராண்டுகளின் பெயர்களும் இருந்தன, அவை தம் பெயரில் வந்த போலிகள் என்று சில நிறுவனங்கள் மறுத்தன. அந்தப் பட்டியல் தொகுதி எண்ணைப் பற்றியது. மருந்தையே குற்றம் சொல்வதாக அதைப் படிக்கக் கூடாது. 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்பது விதி. எங்கே வாங்கினாலும் ரசீது பெறுங்கள், காலாவதி நாளையும் தொகுதி எண்ணையும் பாருங்கள், மாற்றிய பிறகு ஒரு மாதம் அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறித்துவையுங்கள். அளவுகள் கட்டுக்குள் இருந்தால் முதல்வர் மருந்தகத்து மாத்திரையையே தொடரலாம். 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளாகத் தொடங்கப்பட்ட அந்த ஏற்பாட்டால், பணமில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை உண்டுவந்த பலர் இன்று தினமும் உண்கிறார்கள் என்பதை நான் நேரில் காண்கிறேன்.

தங்களுக்கு இந்த மாற்றத்தால் நேர்ந்த தீங்கு, முன்பே சொன்னபடி, நிறமும் பெயரும் மாறியதில் ஒரே மருந்தை இருமுறை உண்டது. இனி அட்டையின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் மருந்தின் பெயரையே ஒரு தாளில் தமிழில் எழுதி, அது எதற்கு, எப்போது, யார் எழுதியது என்று எதிரே குறித்து, மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவையுங்கள். தமிழாசிரியரான தங்களுக்கு இது எளிய வேலை. தெருவில் உள்ள மற்ற பெரியவர்களுக்கும் எழுதிக்கொடுத்தால் நன்றியுடையவளாவேன்.

இந்துப்பும் பெருமளவு சோடியம் குளோரைடே. அதற்கு மாறியதால் சோடியம் குறையவில்லை, அயோடின் மட்டும் குறைந்தது. எல்லா வழியிலுமாக ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அப்பளம், ஊறுகாய், வற்றலைக் குறைப்பதில்தான் பலன். இப்போது கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று வருவதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை உடலில் தேக்கக்கூடியது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பையே குலைக்கலாம். இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்காமல் அதை வாங்க வேண்டாம். எண்ணெய்ச் சர்ச்சையில் செக்கு எண்ணெயா, வேறா என்பதைவிட மாதத்துக்கு எவ்வளவு தீர்கிறது என்பதே என் கேள்வி. இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் பாகற்காய்ச் சாறு குடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதுவும் சர்க்கரையை இறக்கக்கூடியது என்பதால், சித்த மருத்துவரிடம் போனாலும் எங்களிடம் வந்தாலும் முழுப் பட்டியலையும் இருவரிடமும் காட்டுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பட்டியலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சாறு, பொடி, தைலம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு மேசையில் கொட்டிவிடுங்கள். முதலில் விழுந்ததைச் சொல்லுங்கள். சர்ச்சைகளை அதற்குப் பிறகு பேசலாம். டெல்மிசார்டானில் எதை நிறுத்துவது, கிளிமிபிரைடு வேண்டுமா, ஆஸ்பிரின் வேண்டுமா, அட்டோர்வாஸ்டாடினை எப்போது மீண்டும் தொடங்குவது என்ற இந்த நான்குக்கும் விடை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அதுவரை இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைத்துவிட்டு எழுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய விளக்கு விடிய விடிய எரியட்டும். வாசலில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொல்லுங்கள், உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். மனைவியை எழுப்பத் தயங்க வேண்டாம். தாங்கள் விழுந்ததை அவருக்கே பத்து நாள் கழித்துத்தான் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அந்த வரி எனக்கு வேதனையாக இருந்தது. தன்னார்வலர் வந்து படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தம் பார்த்தவுடன், அந்த இரண்டு எண்களையும் எனக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.